உளவியல் மேற்படிப்பும் ஊதியமில்லா ஆய்வுப் பயிற்சியும்

தெல்தோட்டைக்கு மேலே, மூடுபனி படியும் மலைச்சரிவிலே லூல்கந்துர என்னும் தோட்டம் இருக்கிறது. இலங்கைத் தேயிலையின் வரலாற்றை ஒருமுறையேனும் கேட்டோர் அப்பெயரை அறிவர். பதினேழு வயதும் நிரம்பாத ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர் 1852ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார். 1867ஆம் ஆண்டில் பத்தொன்பது ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்னர் வட இந்தியா சென்று தேயிலைத் தொழிலைக் கண்டு வந்திருந்தார். அப்போது அவருக்குத் தொழிற்சாலை இல்லை. தமது பங்களாவின் விறாந்தையிலே மேசைகளை இட்டு, கொழுந்தைக் கையால் உருட்டுவித்து, மண்ணடுப்பின் கரிநெருப்பிலே உலர்த்திப் பார்த்தார். எவ்வளவு நேரம் வாட்டுவது, எவ்வளவு நேரம் புளிக்கவிடுவது என்பனவெல்லாம் அந்த விறாந்தையிலே செய்து பார்த்துத் தெளிந்தவையாம். 1873ஆம் ஆண்டில் இருபத்துமூன்று இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்த காலம் அது. ஒருவர் முன்கூட்டியே செய்துவைத்த சிறு சோதனை ஒரு நாட்டின் பொருளியலையே தாங்கிற்று. அந்த மேசைகளின் முன் நின்று கொழுந்தை உருட்டிய கைகளுக்குரியோரின் பெயர்கள் மட்டும் சரித்திரத்திலே நிலைக்கவில்லை.

இந்தப் பழங்கதைக்கும் உளவியல் மேற்படிப்புக்கும் தொடர்பு யாது என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு இரண்டு வகையில் உண்டு. செய்து பார்க்காமல் ஒரு துறைக்குள் முழுமையாக இறங்கலாகாது என்பது ஒன்று. செய்து பார்க்கும் வேலையிலே கைகொடுத்தோர் பெயர் மறைந்துபோவது எளிது என்பது மற்றொன்று. இவ்விரண்டும், உளவியலில் முதுமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ விண்ணப்பிக்க எண்ணும் இன்றைய மாணவரை நேரே தொடுகின்றன.

பட்டம் பெற்றதும் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினால் இடம் கிடைத்துவிடும் என்று எண்ணுவோர் பலர். பரீட்சைப் பெறுபேறு நன்றாக இருந்தால் போதும் என்பது அவர்தம் நம்பிக்கை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே கலாநிதிப் பட்டத்துக்கான உளவியற் பிரிவுகள் இப்படி நினைப்பதில்லை. விண்ணப்பித்தவர் ஓர் ஆய்விலே பங்குபற்றியுள்ளாரா, எந்த வினாவை ஆராய விரும்புகிறார், அவருடைய வேலையை அருகிலிருந்து கண்ட ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பனவே அங்கு முதலிற் பார்க்கப்படுகின்றன. பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பர். 'இம்மாணவி வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், நற்புள்ளி பெற்றார்' என்று எழுதப்பட்ட கடிதத்தால் ஆவது அதிகமில்லை. அதைப் பெறுபேற்றுச் சான்றிதழே சொல்லிவிடும். 'இவர் எட்டு மாதம் என்னுடன் வேலை செய்தார்; தரவிலே ஒரு பிழையைத் தாமே கண்டு வந்து சொன்னார்' என்று எழுதப்பட்ட கடிதம் வேறு வகையானது. அத்தகைய கடிதத்தை எழுத ஓர் ஆசிரியர் விரும்பினாலும், எழுதுவதற்கு அவர் எதையேனும் கண்டிருக்க வேண்டுமன்றோ?

பிரித்தானியாவிலே மருத்துவ உளவியலைக் கற்க விழைவோர் பட்டம் பெற்றபின் துணை உளவியலாளராகவோ ஆய்வுத் துணைவராகவோ சில காலம் வேலை செய்துவிட்டே கலாநிதிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது வழக்கமாகிவிட்டது. இந்தியாவிலே, 1954ஆம் ஆண்டில் பெங்களூரில் அகில இந்திய உளநல நிலையமாகத் தொடங்கி இன்று நிம்ஹான்ஸ் என வழங்கும் நிறுவனத்தில் மருத்துவ உளவியற் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வுண்டு. இலங்கையிலே கொழும்புப் பல்கலைக்கழகம் அத்துறையில் முதுதத்துவமாணிப் பட்டம் வழங்குகிறது. இடங்களோ மிகச் சில. ஆகவே எங்கு நோக்கினாலும் வாயிலருகே ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் முன்னே நிற்பவர் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்தவராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

தெல்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றில், லயத்திலே பிறந்து வளர்ந்து, உளவியலிற் பட்டம் பெறும் தறுவாயிலுள்ள ஒரு மாணவியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கற்பனை மாணவிதான், ஆயினும் அவளைப் போன்றோர் மலையகத்திலே இன்று இல்லாமலில்லை. தெல்தோட்டையில் ஏறும் பேருந்து கலஹா வழியாக இறங்கிப் பேராதனையை வந்தடைகிறது. அந்த வீதியே பல்கலைக்கழக நிலத்தை ஒட்டிச் செல்கிறது. மலைமேல் குறிஞ்சிக் குமரன் கோயில். கீழே மகாவலி கங்கை. இடையே கலைப்பீடமும் மருத்துவ பீடமும். ஆய்வு நடைபெறும் இடம் கடல் கடந்து இல்லை. அவள் நாளும் ஏறும் பேருந்தின் பாதையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தின் கதவைத் தட்டுவது எப்படி என்பதை அவளுக்குச் சொல்வார் எவருமிலர். கண்டி நகரிலே மருத்துவர் வீட்டிலோ விரிவுரையாளர் வீட்டிலோ பிறந்த மாணவிக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சோற்றுடன் சேர்த்து உண்டு வளர்ந்த அறிவு அது. வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வுத் துணைப்பணி என்றதும் வெண்ணிற மேலங்கி அணிந்து கருவிகளுக்கு நடுவே நிற்பதை எண்ணிக்கொள்வோர் ஏமாற்றமடைவர். முதலில் கிடைக்கும் வேலை சலிப்பூட்டுவதே. நூற்றுக்கணக்கான வினாக்கொத்துகளின் விடைகளைக் கணினியில் எண்களாகப் பதிதல், பதிந்ததை மற்றொருவர் பதிந்ததோடு ஒப்புநோக்கிப் பிழை களைதல், முன்னர் வெளிவந்த கட்டுரைகளைத் தேடித் தொகுத்தல், ஒலிப்பதிவு செய்த பேட்டியைக் கேட்டு எழுத்தில் வடித்தல் என்பன அவ்வேலைகள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுதி முடிக்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாது; பேசுபவர் விம்மினால் அல்லது அயல்வீட்டு வானொலி இடையே ஒலித்தால் இன்னும் கூடும். ஆயினும் இவ்வேலையைச் செய்தவருக்கே ஓர் உண்மை புலப்படும். கட்டுரையிலே அழகாக அச்சிடப்பட்ட அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னே ஒரு மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்ன விடை இருக்கிறது. அந்தத் தயக்கம் அட்டவணையில் ஏறாது. ஆய்வு தமக்கு ஏற்றதா என்பதையும் இந்தச் சலிப்பே காட்டிக்கொடுக்கும். ஆறு மாதம் இவ்வேலையைச் செய்தபின்னும் 'இதன் விடை என்னவாக இருக்கும்' என்ற ஆவல் தணியாதவர் மேலே செல்லலாம். தணிந்துவிட்டால், ஐந்தாறு ஆண்டுகளைக் கலாநிதிப் படிப்பில் செலவிடுமுன் அதை அறிந்துகொண்டது ஊதியமே.

தெல்தோட்டை மாணவியிடம் வேறெவரிடமும் எளிதிற் கிடைக்காத ஒரு செல்வம் உண்டு. அது அவளுடைய மொழி. இதைச் சிறிது விரித்துரைப்பது தகும்.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒரு வினாக்கொத்து உண்டு. ஒன்பது வினாக்களைக் கொண்டது. கடந்த இரண்டு வாரங்களில் இன்ன இன்ன தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று வினவுவது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, முழுப்புள்ளி இருபத்தேழு. ஆங்கிலத்தில் எழுந்த இவ்வகை வினாக்களைத் தமிழாக்கும்போது வழக்கமாகப் பின்பற்றும் முறை யாதெனில், ஒருவர் தமிழாக்க, மூல நூலைக் காணாத மற்றொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடு கண்ட இடத்தைத் திருத்துவதாம். முறை நல்ல முறையே. ஆயினும் இருவரும் கொழும்பிலே கற்றவர்களாயின், அவர்களுக்குள் ஒத்துப்போகும் சொல் தோட்டத்துப் பெண்ணுக்கு விளங்காமற் போகலாம். 'நீங்கள் மனச்சோர்வுற்று நம்பிக்கையிழந்த உணர்வுடன் இருந்தீர்களா?' என்று அச்சுத் தமிழிற் கேட்டால் அவள் சிரிப்பாள், அல்லது 'இல்லை' என்று சொல்லித் தப்பிக்கொள்வாள். 'மனசு பாரமா இருந்திச்சா? ஒண்ணும் ஓடாம இருந்திச்சா?' என்று கேட்டால் கண் கலங்குவாள்.

'ஏலாது' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழிலே அது முடியாது என்றும் பொருள்படும். உடல்நலமில்லை என்றும் பொருள்படும். தாங்க இயலவில்லை என்றும் சிலவேளை பொருள்படும். 'எனக்கு ஏலாம இருக்கு' என்று ஒரு தாய் சொன்னால், அவள் சொல்வது காய்ச்சலா, களைப்பா, துயரமா? சொல்லும் குரலையும் முகத்தையும் கண்டு அறிபவர் அம்மொழியில் வளர்ந்தவரே. அன்றியும், தெல்தோட்டையில் தோட்டத்துத் தமிழர் மட்டும் வாழ்கின்றாரல்லர். அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தந்த முஸ்லிம் ஊர்களும் அங்குண்டு. சிங்கள ஊர்களும் அடுத்தடுத்தே உள்ளன. முஸ்லிம் மூதாட்டியொருவர் தம் நெஞ்சத்து வருத்தத்தைச் சொல்லும் சொல்லும், லயத்து மூதாட்டி சொல்லும் சொல்லும் ஒன்றாக இருப்பதில்லை.

வினாவின் சொல் மட்டுமன்று, வினாவே இடறுவதுமுண்டு. 'களைப்பாக இருந்தீர்களா?' என்பது அவ்வொன்பதில் ஒன்று. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்து, பிரட்டுக்குச் சென்று, நாள் முழுவதும் செங்குத்தான மலையிலே கொழுந்து பறித்து, நிறுவையிலே நின்று திரும்பும் பெண் களைப்பாக இராமல் வேறெப்படி இருப்பாள்? அவள் மூன்று புள்ளி இட்டால் அது நோயைக் காட்டுகிறதா, தொழிலைக் காட்டுகிறதா? கொழும்பிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு இந்த ஐயம் தோன்றாமற் போகலாம். தெல்தோட்டை மாணவிக்குத் தோன்றாமல் இராது. ஏனெனில் அந்தப் பெண் அவளுடைய அன்னை. அந்த ஐயத்தைச் சரியான இடத்திலே, சரியான வேளையிலே எடுத்துச் சொல்வாளாயின் அவள் அக்கணமே ஆய்வாளராகிவிடுகிறாள். தரவு பதிந்த எட்டு மாதத்தைவிட அந்த ஒரு வினா விண்ணப்பத்திலே பேசும்.

இதே மலையகத்தில் ஒப்புதல் பெறுவதும் நுட்பமான காரியம். ஆய்விற் பங்குபற்றுவோர் தம் விருப்பத்தோடு பங்குபற்ற வேண்டும், விரும்பாவிடின் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்பது ஆய்வு ஒழுக்கத்தின் முதல் விதி. தோட்டத்துக்குள் நுழையத் தோட்ட நிருவாகத்தின் அனுமதியும் வேண்டும். துரையிடம் அனுமதி பெற்று வந்தவர்கள் என்று தெரிந்த உடனே, 'மறுத்தால் என்னாகுமோ' என்ற அச்சம் பல தலைமுறையாகப் படிந்த நெஞ்சிலே எழுவது இயல்பு. அந்நிலையிலே கையொப்பம் இருக்கும், விருப்பம் இராது. மேலும் லயத்து அறைகளின் சுவரோ மெல்லியது. ஒரு வீட்டிற் சொன்னது அடுத்த வீட்டிற் கேட்கும். கணவன் குடிப்பதைப் பற்றியோ மாமியின் கொடுமையைப் பற்றியோ அங்கே எவரும் உரக்கச் சொல்லார். எங்கே அமர்ந்து பேசுவது, எந்த வேளையிற் பேசுவது என்று அறிந்த உள்ளூர்ப் பிள்ளையின் அறிவு இங்கேயும் பெரிது. ஆனால் அவளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தன் தோட்டத்தார் தன்னிடம் சொன்னதைத் தன் தாயிடத்திலும் சொல்லாமலிருக்க அவளால் இயலுமா? இயலாதெனின் வேறு தோட்டத்திலேயே பேட்டி காண வேண்டும்.

பேராதனைக்கு இத்துறையிலே பழமையான மரபொன்று உண்டு. 1942ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு தொடக்கம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்திலே மறி ஸ்ட்றவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இங்கு கற்பித்தார். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவரின் நுண்ணறிவுத் தேர்வு விடைகளைப் பண்பாட்டோடு இயைத்து ஆராய்ந்து 1951ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். பிறநாட்டில் ஆக்கிய அளவுகோல் இந்நாட்டு மாணவருக்குப் பொருந்துமா என்ற வினா அன்றே எழுந்துவிட்டதென்பதற்கு இது சான்று. பிறைஸ் றையன் என்னும் பேராசிரியர் சமூகவியலைத் தொடக்கி, ஊர்களிலே களஆய்வு செய்யும் வழக்கத்தையும் தொடக்கினார். 1958இல் வெளிவந்த அவருடைய சிங்களக் கிராமம் பற்றிய நூலிலே, உடனுழைத்த இலங்கையர் இருவரின் பெயரும் தலைப்போடு சேர்த்தே அச்சிடப்பட்டுள்ளன. லூல்கந்துர விறாந்தையிலே நிகழாதது இங்கே நிகழ்ந்தது.

கணநாத் ஒபயசேகர என்னும் பேரறிஞரை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார். 1955ஆம் ஆண்டில் அவர் பெற்ற பட்டம் ஆங்கில இலக்கியத்துக்குரியது. ஆயினும் மாணவராயிருந்த காலத்திலேயே ஊரூராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டும் பழக்கம் அவரிடம் இருந்தது. அதற்கு எவரும் புள்ளி வழங்கவில்லை. பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே மானிடவியலில் மேற்படிப்பை முடித்தார். 1981ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், கதிர்காமத்தில் சடைமுடி தரித்து வாழும் அடியார்களின் உள்ளத்தை உளப்பகுப்பாய்வின் வழியே நோக்குகிறது. 1984ஆம் ஆண்டு நூல் பத்தினித் தெய்வ வழிபாட்டைப் பற்றியது. தமிழர் கண்ணகி என்று வணங்கும் அதே தெய்வம். இலக்கியப் பட்டதாரியொருவர் உளவியலுக்கும் மானிடவியலுக்கும் நடுவே நின்று உலகறிந்த ஆய்வாளரானார். விடுமுறையிலே தம் விருப்பத்தால் ஊர்களில் நடந்த கால்களே அவரை அங்கே கொண்டு சென்றன என்று கூறினால் மிகையாகாது.

மற்றொருவர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. 1929ஆம் ஆண்டிலே பிறந்த இத்தமிழர் 1951இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டமும் 1954இல் கோர்னெல் பல்கலைக்கழகக் கலாநிதிப் பட்டமும் பெற்றுத் திரும்பிப் பேராதனையிலே கற்பித்தார். கண்டிக்கு அருகே பாததும்பறைக் கிராமங்களைப் பற்றிச் சர்க்கார் என்பாரோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வறிக்கை 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1956 யூன் மாதத்திலே, அவர் மாணவர் குழுவொன்றை அழைத்துக்கொண்டு கல்லோயாக் குடியேற்றத்திலே ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். சிங்களவரும் தமிழரும் கலந்த குழு அது. தனிச்சிங்களச் சட்டத்தை ஒட்டி எழுந்த கலவரம் அங்கே வெடித்தது. வினாக்கொத்துடன் வீடு வீடாகச் சென்றோர் உயிர் காத்து வெளியேற வேண்டியதாயிற்று. அந்த அனுபவமும் அதன்பின் வந்த ஆண்டுகளும் தம்மைத் தாய்லாந்தை நோக்கித் திருப்பியதாக அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். கேம்பிறிட்ஜ், சிக்காகோ, ஹாவாட் எனப் பல்கலைக்கழகங்கள் அவரை வரவேற்றன, 1997இல் பால்சான் பரிசு கிடைத்தது, 2014இல் மறைந்தார். இன வன்முறையிலே கூட்டத்தின் உள்ளம் எவ்வாறு இயங்குகிறது என்று அவர் பிற்காலத்தில் எழுதிய நூல்களை வாசிப்போர், கல்லோயாவை மறக்கவியலாது. களம் எப்போதும் அமைதியானதன்று என்பதை அன்று அவரோடு சென்ற மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பாடநூலும் அதை அவர்களுக்குச் சொல்லியிராது.

இனி, பலரும் பேசக் கூசும் ஒரு செய்தி. ஊதியமில்லாமல் வேலை செய்ய எவரால் இயலும்?

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021ஆம் ஆண்டிலேதான் அது வர்த்தமானியில் ஏறியது. 2024இல் 1,350 ரூபாவாயிற்று. அவ்வருமானத்திலே பிள்ளையைப் பட்டதாரியாக்கிய பெற்றோர், பட்டம் வந்த மறுநாளே உழைப்பை எதிர்பார்ப்பது குற்றமாகாது. அவர்களிடம் போய், 'இன்னும் ஓராண்டு கூலியின்றிப் பேராதனைக்குப் போய்வருகிறேன். பேருந்துக் கட்டணமும் மதிய உணவுக் காசும் தாருங்கள்' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா எழும்? பிரித்தானியாவிலும் இவ்வாதம் நெடுநாளாக நடக்கிறது. 'கௌரவ' என்ற அடைமொழியோடு வழங்கப்படும் ஊதியமற்ற துணைப்பதவிகள் வசதியுள்ளோருக்கே வழி திறக்கின்றன, உளவியல் என்னும் தொழிலே ஒரு வகுப்பாரின் தொழிலாகிவிடும் என்று அங்குள்ளோர் கண்டித்துள்ளனர். அக்கண்டனத்திலே நியாயமுண்டு. தோட்டத்துத் துயரத்தை ஆராய வேண்டிய துறைக்குள் தோட்டத்துப் பிள்ளை நுழைய இயலாவிடின் குறை அத்துறைக்கே.

ஆயினும் நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தால் விண்ணப்பத் திகதி போய்விடும். வழி சிலவற்றைச் சொல்லலாம். முதலாவது, முழுநேரமும் கொடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், அல்லது ஆறு மணி நேரம் என்று வரையறுத்து ஓராண்டு இடையறாது செய்தால், ஒரு மாதம் நாள் முழுவதும் செய்வதைவிட அதுவே மேலானது. ஆசிரியர் மாணவரை அறியக் காலம் வேண்டும். பட்டப் படிப்பின் இறுதி ஈராண்டிலேயே தொடங்கிவிட்டால், படிப்புக்காக வாங்கிய பருவச் சீட்டே இதற்கும் உதவும். ஒலிப்பதிவை எழுத்தாக்குவதும் கட்டுரை தேடுவதும் வீட்டிலிருந்தே செய்யத்தக்கன. தொடர்பு கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போக வேண்டியிருக்கலாம், அவ்வளவே. ஆயின் பங்குபற்றியோரின் பெயர் தாங்கிய தரவை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசிரியர் இசையமாட்டார், இசையவும் கூடாது. இரண்டாவது, ஆய்வுக்கு நிதியுதவி இருந்தால் பேட்டி காண்போருக்குப் பயணச் செலவேனும் ஒதுக்கியிருப்பர். அதைக் கேட்பதிலே வெட்கமில்லை. முதற் கடிதத்தில் அன்று, வேலை உறுதியான பின்னர்க் கேட்பது நன்று.

அம்முதற் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். 'மதிப்புக்குரிய ஐயா, எனக்கு உளவியலில் மிகுந்த ஆர்வம் உண்டு, ஏதேனும் வாய்ப்புத் தந்துதவுக' என்று இருபது விரிவுரையாளருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவோர் உண்டு. இருபதுக்கும் மறுமொழி வராது. ஒருவர் எழுதிய ஒரு கட்டுரையையேனும் முழுமையாக வாசித்து, அதிலே எழுந்த ஒரு வினாவை இரண்டு வரியிற் குறித்து, தமக்கு எந்த மொழிகள் தெரியும், வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று திட்டமாக எழுதும் கடிதமே கவனம் பெறும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவர் அதை முதலிலேயே எழுதுக. மூன்று மொழியிலும் பேட்டி காணத்தக்கவர் கிடைப்பது அரிது. அது தாழ்மையோடு மறைக்க வேண்டிய தகுதியன்று. பத்து நாளில் மறுமொழி வராவிடின் ஒருமுறை நினைவூட்டலாம். விரிவுரையாளர் அறைக்கு நேரிற் சென்று, சந்திக்க ஏற்ற வேளையைக் கேட்டு வருவது இந்நாட்டிலே இன்றும் நல்ல பயன் தருகிறது.

வேலை தொடங்குமுன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. வெறும் பதிவு வேலையா, அல்லது பகுப்பாய்வும் கற்பிக்கப்படுமா? கட்டுரை வெளிவந்தால் நன்றியுரையிலே பெயர் வருமா, ஆசிரியர் வரிசையிலே வருமா? தரவு பதிந்தவர் நன்றியுரைக்கும், வினாவை வகுப்பதிலும் பகுத்தாய்வதிலும் எழுதுவதிலும் பங்குகொண்டவர் ஆசிரியர் வரிசைக்கும் உரியர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முறை. கேட்டால் கோபிப்பாரோ என்று அஞ்சி, முடிவிலே மனம் நொந்தவர் பலர். நல்ல ஆசிரியர் கோபியார். ஆய்வுப் பயிற்சி தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் நிலையங்களும் இப்போது முளைத்துள்ளன. வேலையைப் பெறுபவர் காசையும் பெறுவது எந்த ஊர் நியாயம்?

உளநலத் தொண்டை ஆய்வுப் பயிற்சியோடு குழப்பிக்கொள்ளலும் ஆகாது. 1974ஆம் ஆண்டு தொடக்கம் துயருற்றோருக்குச் செவிகொடுத்துவரும் சுமித்திரயோ, 1987இல் யாழ்ப்பாணத்திலே உருவான சாந்திகம், 1984இல் சென்னையிலே சாரதா மேனன் அம்மையார் தொடக்கிய ஸ்கார்ப் போன்றவை பெருமதிப்புக்குரியவை. ஸ்கார்ப் ஆய்வையும் நடத்துகிறது. ஆயினும் துயர் சொல்ல வந்தவரின் சொல், தொண்டருக்கு ஆய்வுப் பொருளாகாது. கேட்டதைக் குறித்துவைத்துப் பின்னர்க் கட்டுரையில் இடுவது நம்பிக்கைத் துரோகம். செவிகொடுக்கும் பயிற்சியால் மனம் பண்படும்; வினாவை வகுத்து விடை காணும் பயிற்சி வேறிடத்திலே பெற வேண்டுவது. மேலும், சில மாதம் ஆய்விலே துணைநின்றதால் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடார். ஊரிலே 'நம்ம பிள்ளை மனசுக்கு வைத்தியம் பார்க்கிறது' என்று பெயர் பரவி, லயத்து வாயிலிலே நோயாளர் வந்து நிற்கும்போது, 'எனக்கு அத்தகுதி இல்லை. கண்டி வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள், வேண்டுமானால் கூட வருகிறேன்' என்று சொல்ல அவள் கற்றிருக்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உளவியற் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பம் திசெம்பர் மாதத்தோடு முடிவடைகிறது. சேர்ந்தோருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் நீக்கி, துணையாசிரியப் பணிக்கோ ஆய்வுப் பணிக்கோ உதவித்தொகையும் கொடுக்கின்றனர். முதுமாணிப் படிப்புக்கு அவ்வசதி குறைவு. இதை அறியாமல், செலவு குறைந்ததை விட்டுச் செலவு மிகுந்ததற்கு விண்ணப்பித்துக் கைவிடுவோர் இருக்கின்றனர். திசெம்பரில் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியர், அதற்கு முந்திய ஆண்டின் இறுதியிலேனும் மாணவியைத் தம் ஆய்விலே கண்டிருக்க வேண்டும். ஆதலால் அவள் தன் கடிதத்தை எழுதி, கலஹாச் சந்தியில் இறங்க வேண்டிய நாள், விண்ணப்ப நாளுக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தியது. பேராதனையிலே பேட்டிகளை எழுதி முடித்து மாலைப் பேருந்தைப் பிடித்தால், கலஹாவைக் கடக்கும்போது இருட்டிவிடும். தெல்தோட்டையில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறும் பாதையிலே தம்பியோ தகப்பனோ மின்சூளுடன் காத்திருக்க வேண்டியிருக்கும். அதையும் வீட்டிலே முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நன்று.